பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவில்

சோடியம் விளக்கு எடுத்த எடுப்பிலேயே மஞ்சளாக எரிந்துவிடாது. ஸ்விட்சைத் தட்டியதும் ரோஸ் நிறத்தில் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு கிடக்கும், பத்து நிமிஷம் சூடேறினால்தான் மெல்ல மெல்ல மஞ்சளுக்கு வரும், அந்தப் பத்து நிமிஷமும் பரீட்சை நேரத்தில்தான் சேர்த்தி என்பது சுயம்புக்கனிக்குத் தெரியும், தெரிந்தும் அவள் வேறொன்றும் செய்யாமல் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்து அந்த ரோஸ் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆய்வகத்தின் மூலையில் கறுப்புத் துணி கட்டி மறைத்த இடத்துக்குத்தான் இருட்டறை என்று பேர். வெளியே காலை பத்தரை மணி வெயில், ஆனிக் காற்று தேரிக்காட்டுச் செம்மணலை வாரி வாரி ஜன்னலில் அடிக்கிறது, அந்தச் சத்தம் யாரோ விடாமல் அரிசி புடைக்கிற மாதிரி இருக்கிறது. துணைத்தேர்வுக்கு வந்திருப்பவர்கள் மொத்தமே மூன்று பேர். சீட்டு குலுக்கிப் போட்டதில் மற்ற இரண்டு பேருக்கும் ஊசலும் மின்னழுத்தமானியும் வந்தன. இவள் பிரித்த சீட்டில் நியூட்டன் வளையங்கள் என்று இருந்தது. ஏப்ரலிலும் இதேதான். ஏப்ரலில் கவிழ்ந்ததும் இதில்தான். ஆறு சீட்டு கிடக்கிற டப்பாவில் கை போய் அதையே எடுக்கும் என்றால் இந்தக் கைக்கு என்ன வேண்டுதலோ. இதில் தேறினால் திருநெல்வேலியில் எம்.எஸ்ஸி. இயற்பியல். இடம் கிடைத்தாயிற்று, ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் தேர்ச்சிக் கடிதத்தைக் கொண்டுபோய் நீட்ட வேண்டும், நீட்டாவிட்டால் அடுத்த பேரைக் கூப்பிட்டுவிடுவார்கள். இன்றைக்குப் புதன். அப்பா உப்பு லாரி ஓட்டுகிறவர், கோபக்காரரும் இல்லை, நேற்றுச் சோற்றைப் பிசைந்துகொண்டே சாதாரணமாகத்தான் சொன்னார், "தூத்துக்குடில ஷிப்பிங் ஆபீசுல டைப் அடிக்க ஆள் கேக்காவ. வெள்ளிக்கெழம வரைக்கும் பாப்போம், என்னட்டி?" பாப்போம் என்பதில் அவர் குரல் முன்னாலேயே அலுவலகத்துக்குள் போய் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டது அவளுக்குக் கேட்டது. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு அழுதாவது இருக்கலாம். ஏப்ரலில் அவள் செய்தது ஒன்றும் ஊரில் இல்லாத காரியம் இல்லை. இந்தக் கல்லூரியில் லாக் புத்தகம் என்றால் மடக்கை பார்க்க மட்டும் அல்ல, அதன் ஓரங்களில் பென்சிலால் பொடிப்பொடியாக எல்லாச் சோதனைக்கும் ரீடிங் இருக்கும், அக்காமார் எழுதியதை அவர்களுக்கு அடுத்தவர்கள் அழித்துத் தெளிவாக எழுதி, அதற்கு அடுத்தவர்கள் பேனாவால் மேலே ஓட்டி, இவள் கைக்கு வரும்போது அது கல்வெட்டுப் போல ஆகியிருந்தது. இதற்கு ரீடிங் சமைப்பது என்று பேர். மூன்று வருஷமும் சமைத்தார்கள். ஒரு நுண்ணோக்கிக்கு ஆறு பேர், ஆளுக்கு அரை நிமிஷம், "வளையம் தெரியுதா?" என்று கேட்பார்கள், "தெரியுது சார்" என்று ஆறு பேரும் சொல்வார்கள். இவளுக்கு அப்போது தெரிந்ததெல்லாம் தன் கண்ணிமை மயிர்தான், பெரிதாக, கறுப்பாக, நாணல் மாதிரி. ஏப்ரலில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. ஓரத்தில் இருந்ததை மூன்று தசம இடம் வரை அப்படியே இறக்கிவைத்தாள். வெளியூரிலிருந்து தேர்வாளராக வந்த அம்மா தாளை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், "பழைய லென்ஸ் பிப்ரவரியில உடைஞ்சுபோச்சாமே, தெரியுமா?" தெரியாது. "உன் ரீடிங் எல்லாம் உடைஞ்சுபோன லென்ஸோடதும்மா" என்று சொல்லிவிட்டுச் சிவப்பு மையால் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோடு இன்னும் போகவில்லை, கண்ணை மூடினால் குறுக்கே நிற்கிறது.

மஞ்சள் வந்தது. எப்போது வந்தது என்று சொல்ல முடியாது, ரோஸ் போன இடம் தெரியவில்லை, அவ்வளவுதான். அவள் தன் கையைப் பார்த்தாள். மருதாணி கறுத்திருந்தது. காலையில் அம்மா இஸ்திரி போட்டுக் கொடுத்த பச்சைச் சுடிதார் கறுப்பு. கால் விரலிடுக்கில் ஒட்டியிருந்த தேரி மண், ஊரே பேர் வாங்கிய அந்தச் சிவப்பு மண், அடுப்புச் சாம்பல் போல நிறமற்றுக் கிடந்தது. இந்த வெளிச்சத்தில் மஞ்சளைத் தவிர வேறு நிறமே கிடையாது என்று படித்திருக்கிறாள், அதன் அலைநீளம் ஐயாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று மூன்று ஆங்ஸ்ட்ராம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள், ஆனால் சொந்தக் காலே இப்படி அயலாள் காலாகிப்போகும் என்று யாரும் சொல்லவில்லை. நிறம் பொருளுக்குள் இருக்கிறது என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தாள். மண்ணுக்குள் சிவப்பு இருக்கிறது, இலைக்குள் பச்சை இருக்கிறது என்று. விளக்கு கொடுத்தால் உண்டு, கொடுக்காவிட்டால் இல்லை. வீட்டில் கஞ்சி பொங்கி வழியும்போது அடுப்பின் நீலத் தீ சட்டென்று மஞ்சளாகத் துள்ளும், அம்மா "எய்யா, போச்சு" என்று துணியோடு ஓடுவாள், அந்த மஞ்சள் கஞ்சியில் போட்ட உப்பின் மஞ்சள். அதே மஞ்சள்தான் இது. அப்பா லாரியில் மலையாகக் குவித்துக்கொண்டு போகிறாரே, வெள்ளையாக, தார்ப்பாய் போட்டு மூடி, அதற்குள் இந்த வெளிச்சம் சும்மா கிடக்கிறது, யாராவது எரித்தால் தெரியும். ஒரு லாரி நிறைய. அவளுக்கு உடம்பு லேசாகச் சிலிர்த்தது. பரீட்சை எழுத வந்த இடத்தில் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாமா, மணி பத்தே முக்கால், எழுந்திரு. லென்ஸை எடுத்து மென்துணியால் துடைத்தாள், தட்டைக் கண்ணாடியைத் துடைத்தாள், ஒன்றின்மேல் ஒன்றை வைத்தாள். குவிந்த கண்ணாடி தட்டைக் கண்ணாடியை ஒரே ஒரு புள்ளியில்தான் தொடும், சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக விலகும், அந்த விலகலில் காற்று நிற்கும், அவ்வளவு காற்றிலிருந்து வளையம் பிறக்கும். புத்தகத்தில் நாலு வரி. அவள் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். இமைமயிர். கண்ணைச் சற்று விலக்கினாள். மஞ்சள் மூட்டம். திருகைத் திருப்பினாள், மூட்டம் கலங்கியது, இன்னும் கொஞ்சம், இன்னும் ஒரு மயிரிழை, அப்போது சத்தமில்லாமல் அவை வந்து நின்றன. வளையங்கள். மஞ்சளும் கறுப்பும் மஞ்சளும் கறுப்புமாக, உள்ளே அகலமாக, வெளியே போகப்போக நெருங்கி நெருங்கி, ஓரத்தில் எண்ணவே முடியாத நெருக்கத்தில். யாரும் வரையவில்லை. ஒரு பிசிறு கிடையாது. அவள் வாயைத் திறந்துகொண்டு பார்த்தாள் என்றால் நிஜமாகவே வாய் திறந்திருந்தது. இது மூன்று வருஷமும் இங்கேயேதானே இருந்திருக்கிறது. அவள் பொய்யாகத் "தெரியுது சார்" என்று சொன்ன அந்தச் செவ்வாய்க்கிழமைகளில் எல்லாம் இந்தத் துணிக்குப் பின்னால் இது இருந்திருக்கிறது.

பார்த்தது போதும், எண்ணு. நுண்ணோக்கிக்குள் தெரிகிற குறுக்குக் கம்பியை நடுவில் நிறுத்தி, அங்கிருந்து இடது பக்கம் இருபதாவது கறுப்பு வளையம் வரை ரீடிங் எடுக்காமல் எண்ணிக்கொண்டே போக வேண்டும். போனபின் திரும்பி வலது பக்கமாக வந்துகொண்டே ரீடிங் எடுக்க வேண்டும், நடுவைத் தாண்டி, அந்தப் பக்கம் இருபது வரை. திரும்பிய பிறகு ஒரு நூல்கூடப் பின்னால் திருகக் கூடாது. மரையில் ஆட்டம் உண்டு, பின்னால் திருகினால் கை நகரும், கம்பி நகராது, அத்தனையும் பாழ். இதெல்லாம் சரி, நடு எங்கே? நடுவில் கறுப்புப் பொட்டு இருக்கும் என்பது புத்தகம். கண்ணாடியும் கண்ணாடியும் தொடுகிற இடத்தில் இருட்டு. விடைத்தாளில் அவள் பத்து தடவை எழுதிய வாக்கியம். இங்கே நடுவில் மஞ்சள். பளிச்சென்று, ஒரு மிளகளவு மஞ்சள். அவள் கண்ணை எடுத்தாள், துடைத்தாள், வைத்தாள். மஞ்சள்தான். லென்ஸை எடுத்து மறுபடி துடைத்து வைத்தாள். மஞ்சள். அப்போது ஜன்னலில் அரிசி புடைக்கும் சத்தம் காதில் விழுந்தது. மண். துணியில் மண், காற்றில் மண், கோலப்பொடியைவிட நைசான மண் இடுக்கில் புகுந்து லென்ஸைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. தொடவே இல்லை இரண்டும். எவ்வளவு தூக்கியிருக்கிறது, அந்தத் தூக்கலில் எத்தனை வளையங்கள் உள்ளேயே போய்விட்டன, யாருக்குத் தெரியும். துடைத்துத் துடைத்தே பரீட்சை முடிந்துவிடும். சரி, கண்ணுக்குத் தெரிகிற முதல் கறுப்பை ஒன்று என்று வை. வைத்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. திருகு எண்ணெய் போட்டதுபோல் வழுக்கிச் சென்றது. நாலு, ஐந்து. தப்பான இடத்திலிருந்து தொடங்கியிருக்கிறோமோ. அது ஒன்றும் அவளுக்குப் புதிதில்லை. இயற்பியலுக்கே அப்படித்தான் வந்தாள். ஆறு. சேர்க்கை நாளில் விலங்கியல் வரிசை நல்ல வெயிலில் நின்றது, வாதாமரத்து நிழலில் ஒரு சின்ன வரிசை, ஏழு பேர்தான், நிழலுக்காக அதில் போய் நின்றாள், கொஞ்ச நேரம் கழித்து மாறிக்கொள்ளலாம் என்று. ஏழு, எட்டு. பெனிட்டா முன்னால் நின்றாள், மணப்பாட்டுக்காரி, திரும்பிப் பார்த்து "நீயும் பிசிக்ஸாளா?" என்று கேட்டாள், இவள் ஆமாம் என்றாள், ஏன் ஆமாம் என்றாள் என்று இன்றுவரை தெரியவில்லை, கேட்டதற்குச் சொல்லிவைப்போம் என்றுதான். ஒன்பது. அப்புறம் மேஜைக்கு வந்துவிட்டாள், கையெழுத்துப் போட்டுவிட்டாள். பத்து, பதினொன்று. வீட்டில் விலங்கியல்தான் என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பாதான் கண்டுபிடித்தார், தவளையே வாங்கவில்லையே என்று. பன்னிரண்டு. சிரிப்பு வந்தது, சிரித்தால் நுண்ணோக்கி ஆடும். பதின்மூன்று. நிழல் பார்த்து நின்ற வரிசைக்கு மூன்று வருஷம். பதினான்கு. இன்றைக்குப் போச்சென்றால் டைப் அடிக்கலாம், டைப் அடிக்கிற அறையில் ஜன்னல் இருக்கும், ஜன்னல் வழியே துறைமுகம் தெரியும், எல்லாரும் நல்லவர்களாக இருப்பார்கள், சாயங்காலம் டீ வரும். பதினைந்து. எந்த அறையிலும் இது இருக்காது. பதினாறு. இந்த மஞ்சளும் கறுப்பும். இருக்கிற விஷயமே யாருக்கும் தெரியாது, அவளும் மெல்ல மறந்துபோவாள், கஞ்சி பொங்கும்போது மட்டும் ஒரு நொடி ஞாபகம் வரும். பதினேழு. இல்லை. இப்போதுதான் பதினேழு சொன்னோமா, அல்லது இது பதினெட்டா. கம்பி ஒரு கறுப்பின் மேல் நின்றது. கறுப்பின் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பக்கத்து வளையமும் இதே மாதிரி, அதற்குப் பக்கத்ததும் இதே மாதிரி. பதினேழா, பதினெட்டா. நெஞ்சு அடித்தது, அடிப்பது கண்ணில் தெரிந்தது, வளையங்கள் ஒவ்வொரு அடிக்கும் துளியூண்டு நடுங்கின.

மறுபடி நடுவுக்குப் போய் எண்ணலாம். எண்ணினால் இன்னொரு பத்து நிமிஷம், எண்ணும்போது இன்னொரு வாதாமரம் குறுக்கே வராது என்று யார் கண்டது. திரைக்கு வெளியே செருப்புச் சத்தம் கேட்டது, பெரிய பெரிய அடியாக, நின்று, மறுபடி நடந்தது. வெளித்தேர்வாளர். நாகர்கோவில் பக்கத்துக்காரராம், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொள்கிற ஆள். அவள் மூச்சை விட்டாள். இது பதினெட்டு. பத்தொன்பது. இருபது. இனி இதுதான் இருபது, சொன்னது சொன்னதுதான். கம்பியைக் கொஞ்சம் தாண்டவிட்டு, திரும்பி, வலது பக்கமாக மெதுவாகக் கொண்டுவந்து இருபது என்று பேர் வைத்ததன்மேல் நிறுத்தினாள். அளவுகோலைப் படித்தாள், வெர்னியரைப் படித்தாள், எழுதினாள். அடுத்தது. இனிமேல் பின்னால் போவது என்ற பேச்சே கிடையாது, அந்த எண்ணமே ஒருவிதமான நிம்மதியாக இருந்தது. பதினெட்டு, எழுது. பதினாறு, எழுது. ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் அந்த இடுக்குக் காற்று எவ்வளவு தடிக்கிறது என்று நினைத்துப் பார்த்தாள், ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறு போட்டால் அதில் மூன்று கூறு. தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி அதை இருநூறாகக் கிழித்தால் ஒரு கிழிசல். அதைக் கிழிக்க ஊரில் யாரிடமும் கத்தி இல்லை. இவள் இங்கே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு அந்தக் கிழிசல்களை ஒவ்வொன்றாகத் தாண்டிக்கொண்டிருக்கிறாள், ஒன்று, இன்னொன்று, இன்னொன்று என்று, படியிறங்குகிற மாதிரி. பயமாக இருந்தது. கோயில் நடை திறக்கும்போது வருமே, அந்தப் பயம். பன்னிரண்டு. பத்து. ஆத்திக்கண் அண்ணன் திரையை விலக்கித் தலையை நீட்டினார், ஆய்வக உதவியாளர், முப்பது வருஷமாக இந்த அறையைப் பூட்டித் திறப்பவர். பகல் வெளிச்சம் உள்ளே பாய்ந்தது, வளையங்கள் வெளிறின. "தண்ணி வேணுமா பிள்ள?" "வேண்டாம்ண்ணே, திரைய விடுங்க." திரை விழுந்தது. கம்பி வைத்த இடத்திலேயே நின்றது, பத்தின்மேல். அவர் வாசலில் நடந்துபோன அதிர்வுக்கு வளையங்கள் உள்ளே சுருங்கி மறுபடி விரிந்து பழைய இடத்துக்கே வந்து நின்றன, ஒரு கிண்ணத்துத் தண்ணீர் ஆடி அடங்குவதுபோல. ஒரு மனுஷன் நடந்துபோனது அதற்குத் தெரிந்திருக்கிறது. எட்டு. ஆறு. வளையங்கள் பெருத்துக்கொண்டு வந்தன, இடைவெளி அகன்றது. நாலு. மூன்று. இரண்டு. அடுத்தது ஒன்று, அடுத்தது ஒன்று, திருகினாள், மஞ்சள் வந்தது. மிளகளவு மஞ்சள். ஒன்றைக் காணோம். இரண்டு என்று எழுதியதுதான் கண்ணுக்குத் தெரிகிற கடைசி வளையம். அவளுக்குக் காதெல்லாம் சூடேறியது. அப்படியென்றால் அது பதினேழுதான். பதினெட்டு என்றது தப்பு. இருபது என்று எழுதியதெல்லாம் பத்தொன்பது, பதினெட்டு என்றதெல்லாம் பதினேழு, தாள் முழுக்க ஒவ்வொன்றும் ஒன்று கூடுதல். திரும்பிப் போக முடியாது. கை தானாகத் திருகிக்கொண்டே போனது, நடுவைக் கடந்தது, அந்தப் பக்கத்து முதல் கறுப்பு வந்தது. இதை ஒன்று என்பதா இரண்டு என்பதா. இடது பக்கம் இரண்டு என்றால் வலது பக்கமும் இரண்டுதான், ஒரே வளையம்தானே சுற்றி வருகிறது, ஒரே ஆளுக்கு இடது பக்கம் ஒரு பேர் வலது பக்கம் ஒரு பேரா. இரண்டு, எழுது. பிடித்த தப்பை விடாமல் பிடித்துக்கொண்டு இருபது வரை போனாள்.

கணக்குப் போட வெளிச்சத்துக்கு வர வேண்டியதில்லை, விளக்கின் ஓரத்திலேயே தாளை வைத்துக்கொண்டாள். மணி பன்னிரண்டு ஐந்து. இடது ரீடிங்கிலிருந்து வலதைக் கழித்தால் விட்டம், விட்டத்தின் வர்க்கம், அதற்கு லாக் புத்தகம் வேண்டும். எடுத்தாள். அது பெனிட்டாவின் புத்தகம், ஏப்ரலில் தேறிப் போனவள், நேற்று பஸ்ஸில் வைத்துக் கொடுத்தாள், "கடேசிப் பக்கத்தப் பாரு" என்று மட்டும் சொன்னாள். கடைசிப் பக்கத்து ஓரத்தில் புதுப் பென்சிலில் இருந்தது: கனி, புது லென்ஸ் 121 செ.மீ., ஆத்திக்கண் அண்ணன் சொன்னது, பின்னாலிருந்து போட்டுக்கோ. பின்னாலிருந்து போடுவது என்றால் விடையை, அதாவது லென்ஸின் வளைவு ஆரத்தை, முதலில் எழுதிவிட்டு, அதற்குத் தக்கபடி ரீடிங்குகளை ஒவ்வொன்றாகப் பெற்றெடுப்பது. கால் மணி நேர வேலை. அழகாக வரும். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒன்றிலிருந்து வரும். அவள் தன் தாளைப் பார்த்தாள். முதல் வரிசையே இரண்டு என்று நின்றது, ஒன்றைப் பறிகொடுத்த வீடு மாதிரி. இதை அடித்துத் திருத்தினால் பத்து இடத்தில் அடித்தல் இருக்கும், அடித்தலைப் பார்த்தால் எந்தத் தேர்வாளருக்கும் மூக்கு வேர்க்கும். திருத்தாமல் விட்டால் தப்பு. புதுத் தாள் வாங்கலாம். நூற்று இருபத்தொன்று. ஆத்திக்கண் அண்ணன் பொய் சொல்லுகிற மனுஷன் இல்லை, ஆனால் பழைய லென்ஸைப் பற்றிச் சொன்னவர்களும் பொய் சொல்லவில்லையே. அவள் பென்சிலைக் கடித்தாள். நான் பார்த்தேன், என்று தோன்றியது. அவ்வளவுதான் தோன்றியது, வேறு வாதம் ஒன்றும் வரவில்லை. இந்த வரிசையில் இருப்பது ஒவ்வொன்றும் நான் பார்த்தது. பேர்தான் தப்பு. ஆள் தப்பில்லை. சரி, போட்டுப் பார்ப்போம், எவ்வளவு கேவலமாக வருகிறது என்று பார்ப்போம். வர்க்கங்களைப் போட்டாள். சூத்திரத்தை எழுதினாள், மூன்று வருஷமாகக் கை தானாக எழுதும் சூத்திரம், பெரிய வளையத்தின் வர்க்கத்திலிருந்து சின்ன வளையத்தின் வர்க்கத்தைக் கழி. இருபதிலிருந்து பன்னிரண்டைக் கழித்தாள். பூஜ்யம் புள்ளி இரண்டு ஒன்று ஒன்று. பதினெட்டிலிருந்து பத்து. இரண்டு ஒன்று மூன்று. பதினாறிலிருந்து எட்டு. இரண்டு ஒன்று பூஜ்யம். பதினான்கிலிருந்து ஆறு. இரண்டு ஒன்று இரண்டு. அவள் பென்சிலை வாயிலிருந்து எடுத்தாள். எட்டு வளையத் தூரம் எங்கே எடுத்தாலும் ஏறக்குறைய ஒரே எண். கேவலமாக வரவில்லை. எப்படி வரவில்லை, எல்லாம் ஒன்று கூடுதலாயிற்றே. இருபது என்பது உண்மையில் பத்தொன்பது. பன்னிரண்டு என்பது உண்மையில் பதினொன்று. பத்தொன்பதிலிருந்து பதினொன்றைக் கழித்தால் எட்டு. இருபதிலிருந்து பன்னிரண்டைக் கழித்தாலும் எட்டு. அவள் அந்த இரண்டு கழித்தலையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தாள், ஒன்றாம் வகுப்புக் கணக்கு. எட்டு. எட்டு. ஒன்றைக் கூட்டி வைத்தாலும் பத்தைக் கூட்டி வைத்தாலும் எட்டு. மண் எத்தனை வளையங்களை உள்ளே போட்டு மூடியிருந்தாலும் எட்டு. அதற்காகத்தான் கழிக்கிறார்கள். அதற்காகவேதான் கழிக்கச் சொல்லியிருக்கிறார்கள். எங்கேயோ, எந்தக் காலத்திலோ, யாரோ ஒருவர் இதே மாதிரி குனிந்து பார்த்திருக்கிறார், நடுவில் இருட்டு இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளைப் பார்த்திருக்கிறார், எண்ணும்போது தவறியும் இருக்கிறார், மனுஷர்தானே, அப்புறம் உட்கார்ந்து யோசித்து, எங்கே தொடங்கினாய் என்று கேட்காத ஒரு கணக்கைச் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். தொடக்கம் தப்பானால் போகட்டும், அதன்பிறகு ஒன்றையும் தாவாமல் வந்தாயா, பின்னால் திருகாமல் வந்தாயா, அது போதும் என்று. மூன்று வருஷமாக மனப்பாடம் செய்த ஒரு கழித்தல் குறி, ஒரு சின்னக் கோடு, அது இவ்வளவு பெரிய மனசோடு அங்கே நின்றிருக்கிறது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மஞ்சள் வெளிச்சத்தில் தாள் கலங்கியது. வாதாமரம் நினைவுக்கு வந்தது, வந்துவிட்டுச் சும்மா போனது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு மீதியைப் போட்டாள், நூற்றுப் பன்னிரண்டு புள்ளி இரண்டு. நூற்று இருபத்தொன்று இல்லை. மேலிருந்து இன்னொரு தடவை போட்டுப் பார்த்தாள், அதேதான் வந்தது. லாக் புத்தகத்தை மூடி ஓரமாக வைத்தாள்.

தேர்வாளர் திரையை விலக்கி உள்ளே வந்து, அது முழுக்க விழுந்து மூடும்வரை காத்து நின்றார். அதுவே அவளுக்குப் பிடித்திருந்தது. தாளை எடுத்து விளக்கோரம் பிடித்தார், நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கினார். "உன் பேரு?" "சுயம்புக்கனி சார்." விரல் முதல் வரிசையில் வந்து நின்றது. "இது என்னம்மா, ரெண்டுல இருந்து ஆரம்பிக்குது. ஒண்ணு எங்க?" ஆத்திக்கண் அண்ணனிடம் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கலாம். "எண்ணும்போது தவறிட்டேன் சார். பதினேழ பதினெட்டுன்னு வச்சுட்டேன். எல்லாமே ஒண்ணு கூடுதல்." "தெரிஞ்சும் திருத்தலையா?" "திருத்தணும்னு இல்ல சார்." அவர் நிமிர்ந்து பார்த்தார். சொன்னது திமிராகப் போய்விட்டதோ என்று அவளுக்கு உள்ளே ஒன்று பதறியது. "நடுவுல கறுப்பு இல்ல சார், மஞ்சளா இருக்கு. மண்ணு போயிருக்கு. தொடச்சுப் பாத்தேன், போகல. அதனால உண்மையான ஒண்ணு எதுன்னே தெரியாது சார். மண்ணு எத்தனைய முழுங்கியிருக்கோ." "சரி. அப்ப உன் கணக்கு எப்படி நிக்கும்?" "கழிக்கும்போது போயிரும் சார்" என்றாள். அதைச் சொல்லும்போது குரல் உடைந்தது, பரீட்சையில் யாராவது இப்படிக் குரல் உடைந்து பதில் சொல்வார்களா, அவளுக்கே வெட்கமாக இருந்தது. அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். இந்த வெளிச்சத்தில் எல்லா மையும் கறுப்பு, சிவப்பா நீலமா என்று பார்க்க வழியில்லை, பேனா முனை தாளின் மேல்பக்கம் போனது, அங்கிருந்து ஒரு கோடு கீழே இறங்கும் என்று அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். கோடு இறங்கவில்லை. பேனா தாளைத் தொடாமல் வரிசை வரிசையாக நகர்ந்து, அடிக்கு வந்து, விடைக்குக் கீழே ஒரு கையெழுத்தைப் போட்டது, பக்கத்தில் மார்க்கையும் போட்டது. அதைத் தலைகீழாகவே படித்துவிட்டாள். தேறிவிட்டாள். வெள்ளிக்கிழமை, திருநெல்வேலி, அப்பா, ஷிப்பிங் ஆபீஸ் நாற்காலி எல்லாம் ஒன்றாக வந்து முட்டியதில் எதையும் நினைக்க முடியவில்லை. "நடுவுல மஞ்சளா, காட்டு" என்றார் அவர். அவள் நகர்ந்து இடம் விட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து குனிந்தார். திருகை மெதுவாகத் திருப்பிக் கம்பியை நடுவுக்குக் கொண்டுவந்தார். ஜன்னலில் மண் புடைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. மணி அடித்தது, வெளியே மற்ற இரண்டு பேரும் தாளைக் கொடுக்கிற சத்தம் கேட்டது, ஆத்திக்கண் அண்ணன் "சார், டீ" என்று திரைக்கு அப்பால் இருந்து சொன்னார், இவர் காதில் விழவில்லை. திருகு நகர்ந்துகொண்டிருந்தது. உதடு அசைந்தது. இருபத்தைந்து வருஷமாவது இதைச் சொல்லிக்கொடுத்திருப்பார், எத்தனையோ கல்லூரியில் எத்தனையோ தாள் பார்த்திருப்பார், அந்த முகத்தை மஞ்சள் வெளிச்சத்தில் பக்கவாட்டில் பார்க்கும்போது வாய் லேசாகத் திறந்திருந்தது. உதடு அசைந்து அசைந்து, ஓரிடத்தில் நின்றது. திருகும் நின்றது. அவர் கண்ணை எடுக்காமலே, இருட்டில் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதையே மறந்தவர் போல, மெல்லக் கேட்டார், "இது பதினாலா, பதினஞ்சா?"

"எதுன்னாலும் சரிதான் சார்" என்றாள் சுயம்புக்கனி.